கொதித்த குழம்பில் பயமில்லை: மீன் நாடாப்புழு பற்றி வாசகர் கேட்டவை

பச்சை மீன் தின்றால் நாடாப்புழு வரும் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மீன் குழம்பையே நிறுத்திவிட்டதாகக்கூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. குடற்புழு நோய்களைப் பார்க்கும் மருத்துவரும் மீன்வளம் படித்தவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

என் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அங்கே வாரம் இரண்டு தடவை பச்சை மீன் சாப்பிடுவானாம். லீவில் வந்த இடத்தில், மலத்தோடு ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை ரிப்பன் மாதிரி வந்ததாகச் சொல்கிறான். மருந்துக்கடையில் கேட்டு அல்பெண்டசோல் ஒன்று வாங்கிப் போட்டாச்சு. அது போதுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒட்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

போதாது. அல்பெண்டசோல் 400 மி.கி. உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் கீரிப்பூச்சிக்கும் நல்ல மருந்து. மீன் நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. கொஞ்சம் வால் பக்கம் அறுந்து வரும், தலை குடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தலை இருக்கும்வரை அதன் கழுத்திலிருந்து புதுக் கணுக்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் மறுபடி ரிப்பன் வரும்.

முதலில் வந்தது எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். அடுத்த தடவை வந்தால் ஒரு வெள்ளைத் தட்டில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் நாடாப்புழு பெரும்பாலும் தனித்தனிக் கணுவாக வராது, பல கணுக்கள் சேர்ந்த பட்டையாக வரும். ஒவ்வொரு கணுவும் நீளத்தைவிட அகலம் கூடியது. நடுவில் சின்னப் பூவை அழுத்தி வைத்தது போல ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். அதுதான் முட்டை நிறைந்த கருப்பை. பன்றி, மாட்டு இறைச்சியில் வரும் நாடாப்புழுவின் கணு இதற்கு நேர்மாறு: அகலத்தைவிட நீளம் கூடுதல், பூசணி விதை மாதிரி ஒன்றிரண்டாக வரும், சில சமயம் நெளிந்துகொண்டே உள்ளாடையில் கிடக்கும். நூல் நூலாக அரை அங்குலத்துக்குள் இருந்து, ராத்திரி ஆசனவாயில் அரித்தால் அது கீரிப்பூச்சி. மண்புழு தடிமனில் உருண்டையாக இருந்தால் உருண்டைப் புழு.

வந்த துண்டைத் தண்ணீரில் அலசி வீசிவிடாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனைக் காய்ந்த, வாயகன்ற பாட்டிலில் ஊற்றி, துண்டை அதில் போட்டு அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். அதோடு பெரிய நெல்லிக்காய் அளவு மலத்தைத் தனி டப்பாவில் எடுத்துப் போகவும். சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்கக் கூடாது. ஒரு தடவையில் முட்டை தெரியாவிட்டால் வெவ்வேறு நாளில் மூன்று தடவை பார்க்க வேண்டும். பொதுவாக இந்தப் புழு தினம் லட்சக்கணக்கில், பத்து லட்சம் வரைகூட முட்டை விடும். அதனால் மலத்தில் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முட்டையின் ஒரு முனையில் மூடி போட்டது போல இருக்கும். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். பச்சை மீன் சாப்பிட்ட விவரத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், நம்மூரில் வழக்கமாகப் பார்க்கும் முட்டைகளைத் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

உரிய மருந்து பிராசிகுவான்டல். உடல் எடை கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., ஒரே வேளை. 60 கிலோ ஆளுக்கு அதிகபட்சம் 600 மி.கி., பெரும்பாலும் ஒரே மாத்திரையில் முடிந்துவிடும். இன்னொன்று நிக்ளோசமைடு: பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கையும் நன்றாக மென்று, ஒரே வேளையில். முழுசாக விழுங்கினால் மருந்து புழுமேல் சரியாகப் படாது.

இவ்வளவு எளிது என்றால் நாமே வாங்கிப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். பிராசிகுவான்டல் ரத்தத்தில் ஏறி மூளைக்கும் போகும் மருந்து. பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் மூளையில் இருப்பது தெரியாமலே நம்மூரில் பலர் நடமாடுகிறார்கள். அவர்களுக்கு இதைக் கொடுத்தால் அந்தக் கட்டிகள் செத்து, சுற்றிலும் வீங்கி, வலிப்பு வரலாம். மருத்துவர் முதலில் வலிப்பு, தீராத தலைவலி, பார்வைக் கோளாறு உண்டா என்று கேட்பது அதற்காகத்தான். நிக்ளோசமைடு குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாததால் அந்தச் சிக்கல் அதில் கிடையாது.

ஆசனவாயில் பட்டை தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது. அறுந்துதான் வரும், தலை வராது. மருந்துக்குப் பிறகு தலையைத் தேடி மலத்தைக் கிளறவும் வேண்டாம். தலை 2, 3 மி.மீ.தான், நிக்ளோசமைடு போட்டால் கரைந்துகூடப் போயிருக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை செய்து, முட்டை இல்லை என்றால் தீர்ந்தது.

மீன் நாடாப்புழு என்றால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. இந்த முட்டை நேரே மனிதன் வயிற்றுக்குப் போனால் ஒன்றும் செய்யாது. அது தண்ணீரில் விழுந்து, நீர்ப்பூச்சிக்குள் போய், மீனுக்குள் போய், அந்த மீனைப் பச்சையாகத் தின்றால்தான் அடுத்த ஆளுக்கு வரும். மகன் கழிவறையைப் பயன்படுத்தினாலே போதும்.

ஜப்பானில் அதிகம் வருவது 1986-ல் தனி இனமாகப் பிரித்த நிஹொன்காய் நாடாப்புழு. சால்மன் இனத்து மீன்களில் இருப்பது. ஐரோப்பாவில் வரும் அகல நாடாப்புழுவும் இதுவும் உறவுக்காரர்கள்தான். மருந்தும் ஒன்றே.

அம்பை பக்கம் நாங்கள் ஆற்று மீனும் குளத்து மீனும்தான் சாப்பிடுகிறோம். போன மாசி மாதம் குளம் வற்றினபோது பிடித்த கெண்டையில் ஒன்றை அறுத்தால், வயிற்றுக்குள் குடலே தெரியாதபடி வெள்ளை நாடா சுருண்டு கிடந்தது. இதுதான் நீங்கள் சொல்லும் புழுவா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது லிகுலா வகையின் இளம் புழுவாக இருக்க வேண்டும். கெண்டை இனத்து மீன்களின் வயிற்றறையில் தட்டையாக, கணுப் பிரிவு கண்ணுக்குத் தெரியாமல், பால் வெள்ளையாகக் கிடக்கும். சின்ன மீனில்கூட ஒரு சாணுக்கு மேல் இருக்கும், மீன் வயிறு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உப்பியிருக்கும். அது மீன் தின்னும் பறவைக்குள் போய்த்தான் முதிரும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் குளத்தில் எச்சமிட, முட்டை நீர்ப்பூச்சிக்கும் அங்கிருந்து மீனுக்கும் போகும். கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு இந்தப் பறவைகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனிதனுக்கு அந்தப் புழுவால் கேடு இல்லை. குடலோடு எடுத்து எறிந்துவிட்டு வழக்கம்போல் சமைக்கலாம். புழு நிறைந்த மீன் மெலிந்து சதை குறைந்திருக்கும், அதுதான் நஷ்டம்.

மனிதனுக்கு வரும் அகல நாடாப்புழுவின் வட்டமும் இதே மாதிரிதான், கடைசியில் பறவைக்குப் பதில் மனிதன், நாய், கரடி. முட்டை நல்ல தண்ணீரில் விழுந்து பொரிந்து நீந்தும். அதைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி விழுங்கும். கிணற்றுத் தண்ணீரில் நரம்புச் சிலந்தியைப் பரப்பிற்றே சைக்ளோப்ஸ், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பூச்சியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். கடைசியில் புழு பெரிய மீனின் சதைக்குள் அரிசி நிறத்தில், இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில், உறை எதுவும் இல்லாமல் கிடக்கும். அதைப் பச்சையாகத் தின்றவர் குடலில் ஒட்டி, சில வாரங்களில் முதிர்ந்து முட்டை விடத் தொடங்கும். 10 மீட்டர் வரை, அதற்கு மேலும் வளரும். மூன்று மாடி உயரம்! இருபது வருஷத்துக்கு மேலேகூட உயிரோடு இருக்கும்.

அந்தப் புழுவின் சொந்த ஊர் குளிர்நாட்டு ஏரிகள்: பின்லாந்து, பால்டிக் கரை, ரஷ்யா, ஆல்ப்ஸ் மலை ஏரிகள், வட அமெரிக்கா. இந்தியாவில் அபூர்வம். முதல் நோயாளியைப் பற்றி 1998-ல் வேலூரிலிருந்து மருத்துவ இதழில் எழுதினார்கள், 2007-ல் புதுச்சேரியிலிருந்து ஒன்று வெளியாயிற்று. கைவிரல் விட்டு எண்ணலாம். தாமிரபரணி மீனைப் புளி ஊற்றிக் கொதிக்க வைத்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு இந்தப் புழு வர வழியில்லை.

கொதிப்பு என்று சொல்வதற்கும் அளவு உண்டு. மீன் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரி சூட்டைத் தொட வேண்டும். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது துண்டைப் போட்டு, மறுபடி கொதி வந்தபின் எட்டுப் பத்து நிமிஷம் விட்டால் அந்தச் சூடு தாராளமாக ஏறிவிடும். தப்பு நடப்பது பொரியலில். இரண்டு விரல் தடிமன் நெய்மீன் துண்டைத் தீயைக் கூட்டி வைத்துப் பொரித்தால் மசாலா கருகும், முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இருக்கும். தீயைக் குறைத்து, மூடி போட்டு, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷமாவது விடுங்கள். நடுமுள்ளிலிருந்து சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், எங்கேயும் கண்ணாடி போலத் தெரியக் கூடாது.

இழுப்பு நோய்க்கு (ஆஸ்துமாவுக்கு) ஹைதராபாத்தில் ஜூன் மாதம் உயிருள்ள விரால் குஞ்சில் மருந்து வைத்து விழுங்கத் தருகிறார்களே, போகலாமா? புழு வருமா?
– வாசகர், நாங்குநேரி

நம்பிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் மனதைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் நல்ல தண்ணீர் மீனை உயிரோடு விழுங்குவது, மீன்வழிப் புழு உடம்புக்குள் வருகிற நேர்வழி. விராலில் பயப்பட வேண்டியது நாடாப்புழுவைவிட நாத்தோஸ்டோமா என்னும் உருண்டைப் புழு. பூனை, நாயின் வயிற்றில் முதிர்வது. மனிதனுக்குள் அது முதிராது, இளம் புழுவாகவே தோலுக்கடியில் அலையும். இன்றைக்கு முன்கையில் வீக்கம், நாலு நாளில் அது வடிந்து தோளில் இன்னொன்று என்று இடம் மாறும். கண்ணிலோ மூளையிலோ புகுந்தால் ஆபத்து. தாய்லாந்தில் இந்த நோய்க்கும் விராலுக்கும் உள்ள தொடர்பு நன்றாகத் தெரிந்த விஷயம். பண்ணைக் குஞ்சில் புழு குறைவாக இருக்கலாம், குஞ்சைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இழுப்பு இதனால் தீரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மீனை விழுங்கிவிட்டோம் என்று இன்ஹேலரை நிறுத்துகிறார்களே, அதுதான் பெரிய கேடு. அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

மீன் குஞ்சை விழுங்கினால் நீச்சல் வரும் என்று பையன்களை உசுப்பிவிடுகிற பழக்கத்தையும், இரண்டு கையிலும் மீன் இருக்கும்போது மூன்றாவதைப் பல்லில் கவ்விக்கொள்கிற பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பனையேறிக் கெண்டையின் செவுள் மூடியில் ரம்பப் பல் போல முள் உண்டு. தொண்டைக்குள் நழுவினால் முன்னால் போகும், பின்னால் வராது. மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

கடல் மீனில் நாடாப்புழு கிடையாது என்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு ஊற வைத்தால் பச்சையாகச் சாப்பிடலாமா? வலையிலிருந்து வந்ததும் ஐஸில்தானே போடுகிறோம், புழு செத்துவிடாதா?
– வாசகர், உவரி

மூன்றும் சரியில்லை.

பெரு நாட்டில் கடல் மீனைத் துண்டு போட்டு எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தின்பது தேசிய உணவு, பெயர் செவிச்சே. பசிபிக் நாடாப்புழு என்று ஓர் இனம் அந்த மீன்களிலிருந்துதான் அங்கே மனிதர்களுக்கு வருகிறது. எலுமிச்சைப் புளிப்பு சதையை வெளுக்க வைத்து வெந்தது போலக் காட்டும். புழு சாகாது. ஊறவைக்கும் உப்பும் அப்படித்தான். வாசாபி என்னும் ஜப்பானியக் காரத் துவையல், மதுவோடு சாப்பிடுவது எதுவும் பலன் தராது.

கடல் மீனில் இன்னொரு புழு அனிசாகிஸ். வாளை, சூரை போன்றவற்றின் குடலை ஒட்டிக் கடிகாரச் சுருள் மாதிரி வெள்ளையாகச் சுருண்டிருக்கும், நீட்டினால் இரண்டு செ.மீ. வரும். பச்சையாகத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் உயிர் போகிற வயிற்று வலி வரும், எண்டோஸ்கோப்பி போட்டுப் பிடுங்கி எடுப்பார்கள். மீன் செத்தபின் இது குடலிலிருந்து சதைக்கு நகரக்கூடும். படகிலேயே குடலை எடுத்துவிடுவது நல்லது என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஐஸ் என்பது பூஜ்யம் டிகிரி. மீனையும் கெடாமல் வைக்கும், புழுவையும் சாகாமல் வைக்கும். பச்சையாகத் தின்னப்போகும் மீனுக்கு அமெரிக்க உணவுத் துறை சொல்லும் அளவு: மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-ல் கல்லாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி மைனஸ் 20-ஐத் தொடாது. மின்சாரம் போய் வந்தால் அதுவும் இல்லை. தனி டீப் ஃபிரீசர் இருந்தாலும், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். இரண்டு கிலோவை ஒரே உருண்டையாகத் திணித்தால் நடுப்பகுதி உறைய நாளாகும், இரண்டு விரல் தடிமனில் தட்டையாகப் பொட்டலம் கட்டுங்கள். ஏழு நாள் கணக்கு, நடுவரை உறைந்த பிறகு தொடங்குகிறது.

சென்னை ஓட்டலில் சுஷி சாப்பிடுகிறவர்கள், மீன் இப்படி உறைய வைத்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'ஃபிரெஷ்' என்பது இதில் பெருமையில்லை. 2004–05-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் பலருக்கு நாடாப்புழு வந்தது, இறக்குமதியான சால்மனை உறைய வைக்காமல் பச்சையாகத் தின்றதால்.

மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பல் செய்து அப்படியே சாப்பிடுகிறோம். வேக வைப்பதில்லையே?
– வாசகி, திசையன்விளை

மாசி செய்யும்போதே சூரையை உப்புத் தண்ணீரில் வேக வைத்து, புகை போட்டு, பிறகுதான் காய வைக்கிறார்கள். புழு அந்த முதல் வேக்காட்டிலேயே முடிந்தது. தாராளமாகச் சாப்பிடுங்கள். மற்றக் கருவாட்டைச் சுட்டோ பொரித்தோ குழம்பு வைத்தோதானே சாப்பிடுகிறோம், அதிலும் பயமில்லை.

எனக்கு பி12 குறைவு என்று ஊசி போடுகிறார்கள். மீன் நாடாப்புழு பி12-ஐத் தின்றுவிடும் என்று படித்தேன். எனக்கு மீன் ஆகாது, சுத்த சைவம். புழுவுக்குப் பரிசோதிக்கவா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

நீங்கள் படித்தது உண்மை. சாப்பாட்டிலுள்ள பி12 வயிற்றில் ஒரு புரதத்தோடு பிணைந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த்தான் உறிஞ்சப்படும். இந்தப் புழு வழியிலேயே அந்தப் பிணைப்பைப் பிரித்து பி12-ஐ எடுத்துக்கொள்கிறது. அப்படியும் புழு உள்ளவர்களில் ரத்தச்சோகை வரை போகிறவர்கள் வெகு சிலர்தான்.

உங்களுக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம். பி12 மீன், முட்டை, இறைச்சி, பாலில்தான் உண்டு, சைவச் சாப்பாட்டில் பால் மட்டும்தான் வழி. அதோடு சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் போட்டாலும், அசிடிட்டி மாத்திரையைத் தினம் போட்டாலும் குறையும். மருத்துவரிடம் அவற்றைச் சொல்லுங்கள். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தால், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். ரத்தச்சோகை சரியாவது போல இருக்கும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

என் தங்கச்சிக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் மூளையில் நாடாப்புழுக் கட்டி என்றார்கள். மீனை நிறுத்திவிட்டோம். சரிதானே?
– வாசகி, வள்ளியூர்

மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தங்கச்சிக்கு மீன் கொடுங்கள். அது பன்றி நாடாப்புழுவின் கட்டி. அதுவும் பன்றிக்கறி தின்றதால் மூளைக்கு வருவதில்லை. சரியாக வேகாத பன்றிக்கறி தின்ற யாரோ ஒருவர் குடலில் புழு வளர்ந்து, அவர் மலத்தில் வந்த முட்டை இன்னொருவர் வாய்க்குள்ளோ அவர் வாய்க்குள்ளேயோ போனால்தான் மூளைக்குப் போகும். கழுவாத கை, திறந்தவெளியில் மலம் கழித்த நிலத்துத் தண்ணீர், கழுவாமல் தின்ற கொத்தமல்லி, வெள்ளரிக்காய் இவைதான் வழி. சைவ வீட்டிலும் வருவது அதனால்தான்.

செய்ய வேண்டியது: வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. வீட்டிலுள்ள எல்லோரும், சமையலுக்கு ஆள் வந்தால் அவரும், மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருவர் குடலில் புழு இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து. பச்சையாகத் தின்னும் காய், கீரையை ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள்.

மசாலா தடவிய மீனில் உப்புப் பார்க்க விரலை நாக்கில் வைப்பேன். மீன் குடலை வாசலில் பூனைக்கும் நாய்க்கும் போடுவோம். தப்பா?
– வாசகி, மேலப்பாளையம்

மசாலாவைத் தனிக் கிண்ணத்தில் கரைத்து, மீனில் தடவுமுன் உப்புப் பாருங்கள். மீனில் தடவிய பிறகு என்றால் ஒரு சின்னத் துண்டைப் பொரித்து வாயில் போடுங்கள். மீன் அறுத்த அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வெங்காயத்தையும் வெள்ளரிக்காயையும் அதில் வைக்க வேண்டும்.

குடலைப் பச்சையாகப் போட வேண்டாம். விராலில் வரும் நாத்தோஸ்டோமா புழு முதிர்வது பூனை வயிற்றிலும் நாய் வயிற்றிலும்தான், அவை குளத்தங்கரையில் போய்க் கழிந்தால் முட்டை மறுபடி தண்ணீருக்குப் போகும். ஒரு பழைய சட்டியில் குடலையும் செவுளையும் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்தபின் பத்து நிமிஷம் விட்டு ஆற வைத்துப் போடுங்கள். பூனை மிச்சம் வைக்காது.